கழுத்தளவு மட்டும் கேட்பவள்

கறுப்புக் கோட்டின் மேல் இஸ்திரிப் பெட்டியை நேராக வைக்கக் கூடாது. வைத்தால் துணி மினுங்கத் தொடங்கிவிடும். ஒரு தடவை மினுங்கினால் மினுங்கினதுதான். அதனால் இஸ்திரியக்கா ஈரத்துணி ஒன்றைப் பிழிந்து கோட்டின் தோளில் விரித்து, அதன் மேல் பெட்டியை வைத்து அழுத்தினாள். புஸ்ஸென்று ஆவி கிளம்பியது. தோள், காலர், பிறகு கை என்று வழக்கமான வரிசையில் போனாள். அது அரசு வக்கீலின் கோட்டு. பத்தரை மணிக்கு அவர் இதைப் போட்டுக்கொண்டு, இஸ்திரியக்காவின் மகளை வெளியே விடக் கூடாது என்று நீதிபதியிடம் சொல்லப் போகிறார்.

அது அவளுக்குத் தெரியும், அவருக்குத் தெரியாது. அதற்காகக் கோட்டில் சுருக்கம் வைப்பானேன்? காலர் மடிப்பை இன்னொரு முறை அழுத்தினாள்.

கடை என்பது நீதிமன்றத்தின் பின்மதிலை ஒட்டிய ஒற்றை அறை. எப்போதோ சைக்கிள் நிறுத்தக் கட்டியது. ஒரு நீள மேசை, அதன் மேல் நாலாக மடித்த கம்பளி, குறுக்கே ஒரு கம்பி, கம்பியில் வரிசையாகத் தொங்கும் கோட்டுகளும் அங்கிகளும். இருபத்திரண்டு வருடமாக இங்கே நின்றுகொண்டே இருக்கிறாள். கணுக்கால் இரண்டும் சாயங்காலமானால் பன் மாதிரி உப்பிவிடும். பெற்றவர்கள் வைத்த பெயரைச் சொல்லி இங்கே யாரும் கூப்பிட்டதில்லை. வக்கீலுக்கும் குமாஸ்தாவுக்கும் போலீசுக்கும் வாசல் காவலாளிக்கும் அவள் இஸ்திரியக்கா.

மேசைக்கடியில், துணிக் கூடைக்குள், எட்டு மாதப் பேத்தி அழுது களைத்துத் தூங்கிக்கொண்டிருந்தாள். நேற்று மாலையிலிருந்து சரியாகக் குடிக்கவில்லை. புட்டியை வாயில் வைத்தால் நாக்கால் வெளியே தள்ளுகிறாள். தாயை வேலை செய்யும் வீட்டிலிருந்தே போலீஸ் கூட்டிக்கொண்டு போய்விட்டது. வீட்டுக்காரம்மாவின் கைக்கடிகாரத்தைக் காணோம். அந்த நேரத்தில் வீட்டில் ஐந்து பேர். நாலு பேர் அந்த வீட்டார். அதனால் யார் என்று கண்டுபிடிக்க அதிக நேரம் ஆகவில்லை.

இன்று ஜாமீன் கிடைத்தால் மத்தியானமே பிள்ளைக்குப் பால். கிடைக்காவிட்டால் பதினாலு நாள் காவல். மருமகன் தூரத்து ஊரில் கட்டட வேலையில் இருக்கிறான். தகவல் சொல்லியாயிற்று, அவன் வந்து சேர மூன்று நாளாகும்.

ஆற்றுக்கு அந்தப் பக்கக் குடியிருப்புதான் இஸ்திரியக்காவின் சனங்களுக்கு. இரண்டு தலைமுறைக்கு முன்னால் பாலம் கட்டுவதற்காகக் கூட்டிவரப்பட்டவர்கள். பாலம் கட்டி முடித்த பிறகும் போகவில்லை என்பது ஊருக்கு இன்னும் ஒரு குறை. இவர்கள் கறுப்பு, ஊர்க்காரர்கள் வெளுப்பு. பாலத்தின் இந்தப் பக்கம் வந்து நின்றால், வாயைத் திறப்பதற்கு முன்னாலேயே தோல் பேசிவிடும். நீதிமன்றத்துக்குள் வரும் கைதிகளில் பத்துக்கு ஏழு பேர் அந்தப் பாலத்தைத் தாண்டி வந்தவர்கள்தான்.

இதையெல்லாம் இஸ்திரியக்கா யாரிடமும் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை. குற்றவாளிக் கூண்டுக்கு நேராக இருக்கும் பின்கதவில், தேய்த்த அங்கியைக் கையில் பிடித்துக்கொண்டு நின்று பார்த்துத் தெரிந்துகொண்டாள். ஒரே அடிதடி, ஒரே சட்டப் பிரிவு, இரண்டு ஆட்கள். சட்டை மடிப்புக் கலையாமல் நின்றவனை வீட்டுக்கு அனுப்பினார்கள், ராத்திரி பூராவும் லாக்கப்பில் புரண்ட சட்டையோடு நின்றவனை உள்ளே அனுப்பினார்கள். இதை மூன்று தடவை பார்த்தாள். நாலாவது தடவை, யாரோ வாங்கிக்கொண்டு போகாமல் விட்ட சட்டை ஒன்றை எடுத்துக்கொண்டு போய், "தம்பி, இதைப் போட்டுக்க. முடிஞ்சதும் கழட்டிக் குடுத்துடு" என்றாள். அவன் வெளியே வந்தான்.

அப்படித் தொடங்கியதுதான் அந்தத் தகரப் பெட்டி. இப்போது அதில் முப்பத்தொரு சட்டை இருக்கிறது. அதற்கென்று சில சட்டதிட்டங்களும் இருக்கின்றன. வெள்ளை கூடாது, மாலை போட்டுக் கூட்டத்தில் பேசப்போகிறவன் மாதிரி இருக்கும். சிவப்பு கூடவே கூடாது. கறுத்த உடம்புக்கு இளஞ்சாம்பல்தான் சரி. கையை மடித்துவிடக் கூடாது, தழும்பு இருந்தாலும் பச்சை குத்தியிருந்தாலும் மறையட்டும். மேல் பொத்தான் ஒன்றை மட்டும் விட்டுவிட்டு மீதியைப் போட வேண்டும். வாடகை கிடையாது. துவைத்துக் கொடுக்கக்கூட வேண்டாம், அதையும் அவளே பார்த்துக்கொள்வாள். எல்லாவற்றுக்கும் மேலே ஒன்று: வருகிறவன் என்ன செய்தான் என்று கேட்க மாட்டாள்.

"அது ஜட்ஜ் ஐயா வேலை. எனக்குக் கழுத்தளவு தெரிஞ்சாப் போதும்" என்பாள். அதில் அவளுக்கு ஒரு பெருமை உண்டு.

இலவச வக்கீல் ஒருவர் இருக்கிறார். கழுத்தும் காலும் நீளம் என்பதால் கொக்கு என்று பெயர். அவருடைய கோட்டு முழங்கையில் மினுங்கும். வீட்டிலேயே தேய்த்துக்கொள்கிறார், பாவம். நேற்றிரவு சேதி கேட்டதிலிருந்து அவர்தான் இந்த வழக்கைப் பார்க்கிறார்.

"அக்கா, அரசு வக்கீல்கிட்ட உங்க பொண்ணுன்னு சொல்லிடாதீங்க" என்று சொல்லியிருந்தார். "தெரிஞ்ச ஆளுக்குச் சலுகை காட்டுறாருன்னு பேர் வரும்னு பயந்து இன்னும் முறுக்கிக்குவாரு."

ஒன்பதரைக்கு அரசு வக்கீல் வந்தார். "என்னக்கா, நம்ம கோட்டு?"

"ரெடிங்கய்யா."

"ஆகா! இதைப் போட்டா எனக்கே நான் நல்ல வக்கீல்னு தோணுது." கையை நுழைத்துக்கொண்டே சிரித்தார். "கூடையில யாரு, புது அசிஸ்டெண்டா?"

"பேத்திங்க."

"இப்பவே வேலைக்கு வச்சிட்டீங்களா? தொழிலாளர் சட்டத்துல உள்ள தள்ளிடுவேன், பாத்துக்குங்க." அவர் போய்விட்டார். நல்ல மனிதர்தான். வருடப்பிறப்புக்கு வாழ்த்துச் சொல்லாமல் இருக்க மாட்டார்.

அவர் தலை மறைந்ததும் இஸ்திரியக்கா தகரப் பெட்டியை இழுத்துத் திறந்தாள். நேரம் ஓடிக்கொண்டிருந்தது. முப்பத்தொரு சட்டையையும் புரட்டினாள். எல்லாம் ஆண்களுக்கானவை. இத்தனை வருடத்தில் பெண்கள் வராமலா இருந்தார்கள்? வந்தார்கள். அவர்களுக்குச் சீப்பும் இரண்டு ஊக்கும் கொடுத்து அனுப்பியிருக்கிறாள். அதற்கு மேல் அவளுக்குத் தோன்றவே இல்லை. இப்போது பெட்டிக்கு முன்னால் குந்தியபடி அதை நினைத்தாள்.

பிறகு நிமிர்ந்து கம்பியைப் பார்த்தாள். கடைசியில் வக்கீலம்மாவின் உடுப்பு தொங்கியது. பால் நிற மேல்சட்டை, கழுத்தைச் சுற்றிக் கையால் போட்ட பூத்தையல், சிப்பிப் பொத்தான்கள். அதற்குச் சேர்த்தியாகச் சாம்பல் நிறத்தில் நீளப் பாவாடை. சாயங்காலம்தான் வாங்க வருவார். இருபத்திரண்டு வருடத்தில் வாடிக்கைக்காரர் துணியில் ஒரு கைக்குட்டையைக்கூட அவள் தொட்டதில்லை. ஐந்து நிமிடக் காரியம், பதினொரு மணிக்குத் திரும்பக் கம்பியில் மாட்டிவிடலாம். உடுப்பைக் காகிதத்தில் சுற்றி எடுத்துக்கொண்டாள்.

லாக்கப் அறை வாசலில் பெண் காவலர் நின்றிருந்தார். காகிதத்தைப் பிரித்துப் பார்த்துவிட்டு, "என்னக்கா, பொண்ணை பேங்க் மேனேஜர் வேலைக்கு அனுப்புறீங்களா?" என்றார். பிறகு குரலைத் தாழ்த்தி, "ரெண்டு நிமிஷம்" என்று கதவைத் திறந்தார்.

மகளின் முன்பக்கம் பால் கசிந்து நனைந்திருந்தது. "பாப்பா?" என்றாள் முதலில்.

"தூங்குது. இதைப் போடு, சீக்கிரம். கையைத் தூக்கு."

"அம்மா, நான் அந்த..."

"பேசாத. பொத்தான் போடுறேன், ஆடாம நில்லு." ஈரத்துணியால் முகத்தைத் துடைத்து, தலையை வாரி, கைக்குட்டை இரண்டை மடித்து உள்ளே வைத்து, கழுத்துப் பட்டையை நிமிர்த்தினாள். ஒரு அடி பின்னால் நகர்ந்து பார்த்தாள். பெண் பள்ளிக்கூடத்து ஆசிரியை மாதிரி இருந்தாள். "தலையைக் குனியாத. நேராப் பாரு" என்று சொல்லிவிட்டு வந்தாள்.

மகளுக்கு முன்னால் இன்னொரு வழக்கு. ஒரு கடைக் காவலாளியின் பல்லை உடைத்த பையன். வெளுத்த, உயரமான பையன், கறுநீலக் கோட்டு. அவனுடைய தாய் முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார். நீதிபதி தாளைப் புரட்டிவிட்டு, "பரீட்சை எப்போ?" என்றார்.

"அடுத்த மாசம் சார்."

"எதிர்காலம் இருக்கிற பையன். இப்படிக் கை நீட்டலாமா? போ, போய்ப் படி." ஆறு நிமிடத்தில் முடிந்தது. பல் போன காவலாளி சுவரோரம் நின்றுகொண்டிருந்தார். அவரிடம் யாரும் எதுவும் கேட்கவில்லை.

அடுத்து மகளைக் கூண்டில் ஏற்றினார்கள். கொக்கு எழுந்து, முன்குற்றம் எதுவும் இல்லை, பொருள் கைப்பற்றப்படவில்லை, வீட்டில் எட்டு மாதக் கைக்குழந்தை இருக்கிறது என்று வேகமாகச் சொன்னார். நீதிபதி தலையை ஆட்டிக்கொண்டே கேட்டார். பின்கதவில் நின்ற இஸ்திரியக்காவுக்கு மூச்சு கொஞ்சம் இலகுவானது.

அரசு வக்கீல் எழுந்தார். ஏதோ சொல்ல வாயெடுத்தவர் கூண்டைப் பார்த்துவிட்டு நிறுத்தினார். அப்போதுதான் கவனித்தார் போல. "ஒரு நிமிஷம், யுவர் ஆனர். குற்றம் சாட்டப்பட்டவர் வீட்டு வேலை செய்கிறவர். அவர் போட்டிருக்கிற உடுப்பைத் தயவுசெய்து பாருங்கள். கைத்தையல். சிப்பிப் பொத்தான். என் மனைவிக்கு இப்படி ஒன்று வாங்கித் தர நான் யோசிப்பேன்."

இரண்டு மூன்று பேர் சிரித்தார்கள். நீதிபதி கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு பார்த்தார். முதல் தடவையாக மகளைப் பார்த்தார். "ஏம்மா, இது யாருடையது?"

மகள் நேராகப் பார்த்தாள், அம்மா சொன்னபடி. பொய் சொல்லிப் பழக்கமில்லை. "என்னுது இல்லீங்க ஐயா."

"நான்தாங்க குடுத்தேன்!" பின்கதவிலிருந்து குரல் வந்தது. எல்லோரும் திரும்பினார்கள். அந்தக் குரலை அந்த அறையில் யாரும் கேட்டதில்லை. நீதிமன்ற ஊழியர் ஓடிவந்து, "அக்கா, உஷ், வெளிய போங்க" என்று தோளைப் பிடித்தார். அரசு வக்கீல் அவளைப் பார்த்தார், கூண்டைப் பார்த்தார், திரும்ப அவளைப் பார்த்தார். முகம் மாறியது. ஆனால் வாயிலிருந்து வார்த்தை ஏற்கெனவே புறப்பட்டுவிட்டது: "எட்டு மாதக் குழந்தையை வீட்டில் விட்டுவிட்டு வருகிற தாய் செய்கிற காரியமா இது, யுவர் ஆனர்?"

பதினாலு நாள். உடுப்பைக் கழற்றி உறையில் போட்டு அரக்கு வைத்தார்கள்.

சாயங்காலம் அரசு வக்கீல் கோட்டைக் கையில் போட்டுக்கொண்டு கடை வாசலில் வந்து நின்றார். உள்ளே வரவில்லை. "உங்க பொண்ணாமே. ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமேக்கா."

"சொல்லியிருந்தா?"

அவர் யோசித்தார். நிஜமாகவே யோசித்தார். "சொல்லியிருந்தா, அந்த உடுப்பு வேணாம்னு சொல்லியிருப்பேன். ஆம்பளைக்குத்தாங்க்கா மடிப்பு. வேலைக்காரப் பொண்ணுன்னா பழசு ஒண்ணைப் போட்டு, கசங்கி, கண்ணைக் கசக்கிட்டு நிக்கணும். நானே அழுத்தி எதிர்த்திருக்க மாட்டேன். உங்களுக்குத் தெரியாததா?"

அவளுக்குத் தெரிந்திருக்கவில்லை. எல்லாம் தெரியும் என்று நினைத்துக்கொண்டிருந்தாள்.

வக்கீலம்மாவின் அறை நீதிமன்ற மாடியில். இஸ்திரியக்கா நடந்ததைச் சொல்லி முடித்தபோது அவர் பேனாவை மூடி வைத்தார். "எனக்குத் தெரியாம என் உடுப்பை எடுத்திருக்கே."

"ஆமாங்கம்மா. தப்புதான்."

"கேட்டிருந்தா குடுத்திருப்பேனே."

"குடுத்திருப்பீங்கம்மா" என்றாள் இஸ்திரியக்கா. "எம்பொண்ணு உடுத்திக் கழட்டினதை, திரும்பி நீங்க உடுத்தியிருப்பீங்களா?"

வக்கீலம்மா பேனாவைத் திறந்தார். தேய்ப்பதற்காகக் கொடுத்தது, காணாமல் போகவில்லை, தனக்கு எந்தப் புகாரும் இல்லை என்று எழுதிக் கையெழுத்துப் போட்டு நீட்டினார். அரக்கு உடைந்து திரும்பி வந்தால் தனக்கு வேண்டாம் என்றும், யாருக்காவது கொடுத்துவிடலாம் என்றும் மேசையைப் பார்த்துக்கொண்டு சொன்னார்.

அந்தப் பதினாலு நாளில் பேத்தி புட்டிக்குப் பழகினாள். நாலாம் நாள் அழுகையை நிறுத்தினாள். ஒன்பதாம் நாள் புட்டியைக் கண்டதும் கையை நீட்டிச் சிரித்தாள். வந்திருந்த மருமகன் அதைப் பார்த்துவிட்டு வெளியே போய் உட்கார்ந்துகொண்டான். மறுநாள் வேலைக்குத் திரும்ப வேண்டியிருந்தது, போய்விட்டான்.

பதினைந்தாம் நாள் காலை மேசை மேல் மகளுடைய பழைய உடுப்பை விரித்தாள். வீட்டு வேலைக்குப் போட்டுக்கொண்டு போவது. பச்சை வெளிறிப் போன துணி. அதைக் கசக்க வேண்டும். கையால் சுருட்டினாள், வைத்ததும் கை தானாக அதை நீவிவிட்டது. மறுபடி சுருட்டினாள், மறுபடி கை நீவியது. கடைசியில் தண்ணீர் தெளித்து, முறுக்கி, கயிறு மாதிரி முடிச்சுப் போட்டு, முக்காலியில் வைத்து அதன் மேல் உட்கார்ந்துகொண்டாள். அந்த மேசைக்கு முன்னால் அவள் உட்கார்ந்து யாரும் பார்த்ததில்லை. கோட்டு வாங்க வந்த குமாஸ்தா, "என்னக்கா, உடம்பு சரியில்லையா?" என்று கேட்டார்.

லாக்கப் அறையில் மகள் அதை வாங்கி விரித்தாள். கன்னம் ஒட்டியிருந்தது. "நீயாம்மா இதைக் கசக்கினே?"

"போட்டுக்க. தலையைக் குனிஞ்சு நில்லு. கண்ணைத் தொடைச்சுக்காத."

அரசு வக்கீல் வக்கீலம்மாவின் கடிதத்தை வாங்கிப் பார்த்து, ஆட்சேபம் பெரிதாக இல்லை என்றார். நீதிபதி ஒரு தடவை நிமிர்ந்தார். "கைக்குழந்தைக்காரி. பாவம், போகட்டும். இனிமேலாவது ஒழுங்கா இரும்மா." வாரா வாரம் ஸ்டேஷனில் கையெழுத்து. வழக்கு அப்படியே இருந்தது. மொத்தம் நாலு நிமிடம்.

கடைக்கு வந்ததும் மகள் கூடைக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து பிள்ளையை எடுத்தாள். பிள்ளை உற்றுப் பார்த்தது. அடையாளம் தெரிந்து முகத்தைத் தடவியது. மார்பில் வைத்தாள். இரண்டு இழுப்பு இழுத்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டு புட்டியைத் தேடியது. மகள் பொத்தானைப் போட்டுக்கொண்டாள்.

இஸ்திரியக்கா பெட்டியின் சூட்டைத் தொட்டுப் பார்த்தாள். பதினைந்து நாளாகத் தேங்கிய வேலை கம்பியில் நெருக்கிக்கொண்டு நின்றது. ஈரத்துணியைப் பிழிந்தாள்.

வாசலில் ஒருவன் வந்து நின்றான். குடியிருப்பு ஆள்தான், நாற்பது வயதிருக்கும், சட்டையில் தோள் கிழிந்திருந்தது. கூடவே ஒரு போலீஸ்காரர். "அக்கா, கொக்கு வக்கீல் அனுப்பிச்சாரு. ஏதோ சட்டை இருக்குன்னு..."

"கழுத்தளவு என்ன?"

"தெரியலீங்க்கா. பதினஞ்சரை இருக்கும்."

தகரப் பெட்டியிலிருந்து இளஞ்சாம்பல் ஒன்றை எடுத்து உதறிக் கொடுத்தாள். மேல் பொத்தானை விட்டுவிடச் சொன்னாள். கையை மடிக்க வேண்டாம் என்றாள். அவன் கும்பிட்டுவிட்டுப் போனான்.

"அவன்கிட்ட என்ன செஞ்சேன்னு கேக்கலியே" என்றாள் மகள், தரையிலிருந்தே.

"கேக்க மாட்டேன். உனக்குத் தெரியாதா?"

"தெரியும்." பிள்ளையின் காலை நீவிக்கொண்டே பேசினாள். குரலில் கோபம் இல்லை, களைப்புதான் இருந்தது. "ஜட்ஜு உடுப்பு யாருதுன்னு கேட்டாரு. போலீசு வீட்ல எத்தனை பேருன்னு கேட்டாங்க. கொக்கு வக்கீல் முன்னாடி கேஸ் இருக்கான்னு கேட்டாரு. நீ கையைத் தூக்குன்னே. எடுத்தியா இல்லியான்னு ஒருத்தர் கேக்கலம்மா. பதினஞ்சு நாளா நான் அதுக்கு மட்டும் பதில் வச்சிட்டு உக்காந்திருந்தேன்."

இஸ்திரியக்கா இஸ்திரிப் பெட்டியை அதன் தட்டில் நிமிர்த்தி வைத்தாள். கோட்டின் மேல் விரித்த ஈரத்துணி ஆவியடங்கிக் காயத் தொடங்கியிருந்தது. எப்போதாவது கேட்கத் தோன்றியதா என்று தனக்குள்ளேயே தேடிப் பார்த்தாள். எடுத்திருப்பாள் என்று நினைக்கவில்லை. எடுத்திருக்க மாட்டாள் என்றும் நினைக்கவில்லை. அன்று பொத்தானை மட்டும் நினைத்தாள். சீப்பை நினைத்தாள்.

"சரி" என்றாள். "இப்பக் கேக்குறேன். நீ எடுத்தியா?"

மகள் நிமிர்ந்து அம்மாவின் முகத்தைப் பார்த்தாள். "நான் சொன்னப்புறம்தான் கேக்கத் தோணுச்சாம்மா?" என்றாள். பிறகு பிள்ளையை இடுப்பில் தூக்கி வைத்துக்கொண்டு, புட்டியை எடுத்துக்கொண்டு, கம்பியில் தொங்கிய கோட்டுகளை ஒரு கையால் விலக்கி, வெளியே நடந்தாள்.